தள்ளி நிற்கத் தெரியாதவள்

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எப்படியும் அவள் காதுக்குப் போகும். போனால், போனில் கூப்பிட்டுக் கேட்கிற ஆள் இல்லை. பஸ் ஏறி வந்து நேரில் கேட்பாள். நேரில் என்றால் மற்றவர்கள் மாதிரி வாசலில் நின்று கேட்பது இல்லை. நம் மூச்சு அவள் நெற்றியில் படுகிற தூரத்தில் நின்று, கழுத்தை அண்ணாந்து, "இன்னா எழுதின?" என்பாள். யாருக்கும் பதில் மறந்துவிடும். நான் சாதாரண நாளிலேயே பதில் மறக்கிறவள்.

உயரம் நாலடி பத்து அங்குலம். ஏதோ பதவியின் பெயரைச் சொல்கிற மாதிரி அவளே எல்லாரிடமும் சொல்லிக்கொள்வாள். போலீஸ் வேலைக்குப் போனபோது சுவரோடு நிறுத்தி அளந்துவிட்டு, ஓடிக்கூடக் காட்டவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். திருடனைப் பிடிக்க உயரம் எதற்கு என்று கேட்டிருக்கிறாள். "ரூல்ஸ்மா" என்றாராம் அளந்தவர். திருடர்களுக்கும் அப்படி ஏதாவது ரூல்ஸ் இருக்கிறதோ என்னவோ. அங்கிருந்து வந்த வேகத்தில்தான் பாக்சிங் சேர்ந்தாள். ஏன் பாக்சிங் என்று கேட்டால் ஒரே பதில்.

"அங்க எடையத்தான் பாக்கறாங்க. ஒசரத்த யாரும் கேக்கறதில்ல."

கேட்க மாட்டார்கள்தான். ஆனால் அதே எடையில் எதிரே வந்து நிற்கிறவள் நெட்டையாக இருப்பாளே, அவள் கை நம் மூக்கைத் தொடும்போது நம் கை அவள் முழங்கையைக்கூடத் தொடாதே, இதையெல்லாம் இவள் யோசித்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன். யோசித்திருக்கிறாள். அதற்காகத்தான் என்னைப் பிடித்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் சேதராப்பட்டுப் பக்கம் ஒரு மாத்திரைக் கம்பெனியில் வேலை செய்தோம். அவள் அட்டைப் பெட்டி கட்டுகிற இடத்தில். நான் செக்கிங். மாத்திரை அட்டையில் ஏதாவது குழி காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அட்டையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒன்றுகூடத் தப்பாது. "உன் கண்ணு மாதிரி இந்தக் கம்பெனில யாருக்கும் இல்லம்மா" என்று சூப்பர்வைசர் என்னை எல்லார் முன்னாலும் பாராட்டியிருக்கிறார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னாரா முறைத்துக்கொண்டு சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அவர் நின்றது பத்தடி தள்ளி.

நான் ஒன்பதாவதில் நின்றவள். காரணம் இதே கண்தான். வகுப்பில் நான்தான் உயரம், அதனால் கடைசி பெஞ்சு. அங்கிருந்து பார்த்தால் போர்டு கறுப்பாக இருப்பது நன்றாகத் தெரியும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் தெரியாது. டீச்சர், தெரியல என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள். போனால் ஆபரேஷன் என்பார்கள். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து. மயக்க மருந்தில் எழுந்திருக்காமலே போனவர்கள் இருக்கிறார்கள் என்று எங்கள் தெருவில் சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் கூட்டிப் பார்த்ததில் கணக்கில் ஃபெயில் ஆவது உயிருக்குப் பாதுகாப்பாகப் பட்டது. ஆனேன்.

அன்றிலிருந்து எதிலிருந்தும் ஓரடி தள்ளி நிற்பது என் வழக்கம். அடுப்பிலிருந்து தள்ளி, பஸ் படியிலிருந்து தள்ளி, கடல் அலையிலிருந்து தள்ளி. கடற்கரை ஊரில் இருபத்தேழு வருடம் இருந்தும் கால் நனையாதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவளைப் பார்த்தது கம்பெனி பஸ்ஸில். ஷிப்ட் முடிந்த கூட்டம். நான் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, டிரைவர் தூங்கிவிடுவாரோ, காலையில் கேஸை மூடினேனா, மூடியிருந்தாலும் சரியாக மூடினேனா என்று என் வழக்கமான கவலைகளை வரிசையாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்குளுக்குக் கீழே ஒரு தலை முளைத்தது.

"ஏ நெட்ட, கைய நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டுடின்னா."

நீட்டினேன். தோளிலிருந்து மூடிய கைவரை அவள் சாணால் அளந்தாள். பஸ்ஸில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். ஜாக்கெட் தைப்பதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

"மூணர சாண்" என்றாள், மீன் வாங்கப் போனவளுக்குப் பெரிய வஞ்சிரம் கிடைத்த மாதிரி. "நாளைக்கு சாயங்காலம் பிள்ளைச்சாவடிக்கு வா."

"வந்து?"

"என்ன அடி."

"எனக்கு யாரையும் அடிச்சுப் பழக்கம் இல்லபா."

"பழக்கம் இருக்கறவங்கள கூப்ட்டுப் பாத்துட்டேன். யாரும் வரல. நீ வா."

முடியாது என்று சொல்ல ஒரு காரணத்தை நான் தேடி எடுப்பதற்குள் இறங்கிப் போய்விட்டாள். அன்று ராத்திரி எனக்குப் பல் விழுகிற மாதிரிக் கனவு.

பிள்ளைச்சாவடியில் படகுகளுக்குப் பின்னால் ஒரு ஷெட் இருந்தது. முன்பு ஐஸ் உடைக்கிற ஷெட். நாலு சவுக்குக் கட்டையை நட்டு, படகுக் கயிற்றைச் சுற்றிக் கட்டி, அதற்கு ரிங் என்று பெயர் வைத்திருந்தார்கள். கையுறைகள் பிரான்சிலிருந்து வந்தவை. அங்கே சொல்லிக் கொடுக்கிற கோச்சுக்கு மாமா ஒருவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர். அவர் கொண்டு வந்தவையாம். உள்ளே கையை விட்டால் வெளியே எடுத்த பிறகு இரண்டு நாள் சாப்பிட முடியாது. ஆனால் பிரான்சிலிருந்து வந்தது என்றால் எங்கள் ஊரில் நாற்றத்துக்கும் ஒரு மரியாதை உண்டு. யாரும் மூக்கைப் பிடித்ததில்லை.

கோச்சுக்கு நாற்பது வயது இருக்கும். ஆறடி. அவருக்குத் தெரிந்த பாக்சிங் எல்லாம் ஆறடி ஆட்களுக்கானது. "தூரத்துல நில்லு, நேரா குத்து. தூரத்துல நில்லு, நேரா குத்து." எல்லாருக்கும் இதையே சொல்வார். அவளிடம் வரும்போது மட்டும் ஒரு நிமிடம் நின்று, பெருமூச்சு விட்டு, "நீ கொஞ்சம் ஒசரமா இருந்திருக்கலாம்மா" என்பார். தினமும் சொல்வார். அவள் ஏதோ உயரத்தை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி.

"நாளைக்கு எடுத்தாறேன் சார்" என்பாள் அவள்.

ஆகவே குள்ளமானவர்கள் எப்படிச் சண்டை போடுவது என்பதை அவளேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பாதி போனில் வீடியோ பார்த்து. மீதி கம்பெனி பஸ்ஸில்.

"கூட்டத்துல பாரு" என்பாள். "நெட்டையா இருக்கறவங்க கை எங்க இருக்கும்? மேல கம்பியில. கீழ ஃபுல்லா காலி. நமக்குத்தான் எடம். நெட்டைங்களுக்குத் தூரமா இருக்கறவனதான் அடிக்கத் தெரியும். கிட்ட வந்துட்டா அந்த நீளக் கைய எங்க வெக்கறதுன்னே தெரியாது."

கிட்டே வருவதுதான் கஷ்டம். அதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். நான் இடது கையை நேராகக் குத்த வேண்டும். அவள் முட்டியை மடக்கித் தாழ்வாள். இடுப்பை மடக்கக் கூடாது; மடக்கினால் தரைதான் தெரியும், கீழேயிருந்து தாடையில் ஒன்று விழும். தலை என் கைக்கு வெளிப்புறமாக நழுவும். குத்திய கை திரும்பிப் போகும் இல்லையா, அதன் கூடவே அவளும் உள்ளே வருவாள், வாசலில் பால்காரருக்குக் கதவைத் திறந்தால் கூடவே நுழைகிற பூனை மாதிரி. வந்ததும் முகத்தைத் தேட மாட்டாள். விலாவில் இரண்டு. வலியில் கை கீழே இறங்கும், தலை தானாகக் குனியும், அப்போது முகத்தில் ஒன்று. அடித்துவிட்டு நேராகப் பின்வாங்கக் கூடாது. நீளக் கை அங்கே காத்திருக்கும். பக்கவாட்டில் வெளியே போக வேண்டும்.

இவ்வளவும் கேட்க நன்றாக இருக்கிறது. அடி வாங்குகிற விலா என்னுடையது.

நான் என்ன செய்வேன் என்றால், அவள் தாழ்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அரையடி பின்னால் போய்விடுவேன். வேண்டுமென்று இல்லை. என் உடம்பு அப்படி. தும்மினால்கூடப் பின்னால் போகிற உடம்பு. முதல் வாரம் அவள் குத்து எதுவும் என்னை எட்டவில்லை.

"சும்மா நில்லேன்டி."

"நின்னுட்டுதான இருக்கேன்."

"எங்க நிக்கற? திண்டிவனத்துல நிக்கற."

அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் அரையடி போவேன் என்று முன்கூட்டியே கணக்கு வைத்து, அரையடி சேர்த்துத் தாவ ஆரம்பித்தாள். மிகச் சரியாக வந்து இறங்கினாள். விலாவில் ரெண்டு, தாடையில் ஒன்று. கோச் எழுந்து நின்று கை தட்டினார். "சூப்பர் டைமிங்மா. கொஞ்சம் ஒசரமா மட்டும் இருந்திருந்தா..."

மூன்று மாதம் அப்படி. ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் "வலிக்குதா?" என்று நான் அவளைக் கேட்பேன். அடி வாங்கியது நான், கேட்டதும் நான். இதை அவள் கம்பெனி முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

அவசரம் எதற்கு என்றால், செலக்ஷன் வந்துகொண்டிருந்தது. புதுச்சேரி பெண்கள் அணிக்கு ஒவ்வொரு எடைக்கும் ஒருத்தி. அணியில் பேர் வந்தால் சர்டிபிகேட். சர்டிபிகேட் இருந்தால் அரசாங்க வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் விண்ணப்பம் போடலாம். அடுத்த வருடம் அவளுக்கு அதற்கான வயது தாண்டிவிடும். "இந்தத் தடவ விட்டா, ஒசரமும் பத்தல வயசும் தாண்டிடுச்சுன்னு ரெண்டு ரூல்ஸ் சொல்லுவாங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று அவள் டிபன் பாக்ஸை மூடாமலே பையில் வைத்ததைப் பார்த்தேன். பை முழுக்கக் குழம்பு.

எடை ஏறக் கூடாது என்று தினமும் டிஸ்பேட்சில் அட்டைப் பெட்டி நிறுக்கிற மிஷினில் ஏறி நிற்பாள். ஒருநாள் அங்கே வேலை செய்கிற பெண்கள் அவள் முதுகில் 'கவனமாகக் கையாளவும்' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். அதோடேயே சாயங்காலம் வரைக்கும் சுற்றினாள். யாருக்காக எச்சரிக்கை என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவள் கிட்டே போய் நிற்பது ரிங்கில் மட்டும் இல்லை. அதுதான் விஷயம். அவளுக்குத் தூரம் என்பதே தெரியாது. எங்கள் தெருமுனையில் ஒரு நாய் இருந்தது. ஊரே சுற்றி அடுத்த தெரு வழியாகப் போகும். நானும் அப்படித்தான், கூடுதலாக இன்னொரு தெரு சுற்றி. அவள் குரைக்கிற நாய்க்கு நேராக நடந்து போய் அதன் மூக்குக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். நாய்க்கு இந்த மாதிரி நடந்ததில்லை போலிருக்கிறது. இரண்டடி பின்னால் போய், இல்லாத ஏதோ ஒன்றை முகர்ந்து பார்க்க ஆரம்பித்தது.

செலக்ஷனுக்கு லீவு கேட்கப் போனபோதும் அதுவேதான். சூப்பர்வைசர் சார் கண்ணாடித் தடுப்புக்குள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் எல்லாம் தடுப்புக்கு வெளியே நின்று, குனிந்து, ஓட்டை வழியாகப் பேசுவோம். அவள் உள்ளே போனாள். துணைக்கு நான் கதவோரம்.

"சார், சனிக்கெழம லீவு."

"ஆடிட் இருக்கும்மா. முடியாது."

அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. கையைக்கூட ஆட்டவில்லை. அவர் நாற்காலிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஸ்கேல் வைக்கலாம்.

"சனிக்கெழம சார்."

"அங்க நின்னு பேசும்மா."

"இங்கருந்து நல்லா கேக்குது சார்."

நாற்காலிச் சக்கரம் மெல்லப் பின்னால் உருண்டது. அவளும் ஒரு எட்டு வைத்தாள். பின்னால் பீரோ. பீரோவுக்கு அப்பால் போக அந்த ஆபீசில் இடம் இல்லை. கையெழுத்துப் போட்டார். துணைக்கு வந்த பாவத்துக்கு எனக்கும் சேர்த்து.

இப்போது யோசித்தால் அதுதான் தப்பு என்று தோன்றுகிறது. நாய் பின்னால் போயிற்று, சூப்பர்வைசர் பின்னால் போனார், நான் தினமும் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழு வரை பின்னால் போனேன். கிட்டே போனால் எதிரில் இருப்பது பின்வாங்கும் என்று ஊரே சேர்ந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம்.

செலக்ஷன் டவுனில் ஒரு உள்ளரங்கத்தில். இறுதியில் அவளுக்கு எதிரே காரைக்காலிலிருந்து வந்த பெண். ஏறக்குறைய என் உயரம். நான் வழக்கம்போல கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தீப்பிடித்தால் முதலில் வெளியே போகலாம். அங்கிருந்து எனக்குத் தெரிந்தது ஒரு நீலப் புள்ளியும் ஒரு சிவப்புப் புள்ளியும். நீலம் அவள். சிவப்பு உயரமான புள்ளி.

முதல் ரவுண்டில் நீலப்புள்ளி சிவப்புப் புள்ளிக்குள் போய்ப் போய் ஒட்டிக்கொண்டது. நான் சந்தோஷமாக இருந்தேன். இதுதானே அவள் பாடம். உள்ளே போய்விட்டாள். நீளக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சிவப்புப் புள்ளி முழித்துக்கொண்டிருக்கும் என்று எனக்கு நானே முடிவு பண்ணிக் கையும் தட்டினேன்.

இரண்டாவது ரவுண்டு நடுவில் கூட்டம் 'ஓ' என்றது. பக்கத்தில் இருந்த அம்மாவைக் கேட்டேன்.

"யாரு ஜெயிக்கறாங்க அக்கா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்திருப்பார். "ஏன், நீயும் இங்கதான ஒக்காந்துருக்க? அந்தக் குட்டப் பொண்ணு ஆடு மாதிரி முட்டிக்கிட்டே இருக்குது. இப்பதான் வார்னிங் குடுத்தாங்க."

எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. நாற்காலிகளை இடித்துக்கொண்டு, யார் யார் காலையோ மிதித்துக்கொண்டு, ரிங்குக்குக் கீழே கயிறு மூக்கில் உரசுகிற இடம்வரை போனேன். அப்போதுதான் பார்த்தேன்.

அவள் சரியாகத்தான் தாழ்ந்தாள். தலை சரியாகத்தான் வெளியே நழுவியது. கை திரும்பும்போது கூடவே தாவினாள். மிகச் சரியான தாவல். என்ன, எதிரே நின்றது நான் இல்லை. காரைக்கால் பெண் அரையடி என்ன, அரை அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. தூணை நட்ட மாதிரி நின்றாள். இவள் அரையடி அதிகமாகப் போய் அவள் மார்பில் நெற்றியால் மோதினாள். விலாவுக்குப் போக வேண்டிய குத்து அவள் முதுகைச் சுற்றிக்கொண்டு காற்றில் போயிற்று. அந்தப் பெண் அப்படியே மேலே சாய்ந்து அமுக்கிக்கொண்டாள். ரெஃப்ரி வந்து பிரித்தார். மறுபடி அதேதான்.

அந்த அரையடி என்னுடையது. மூன்று மாதமாக நான் தினமும் கொடுத்த அரையடி.

மணி அடித்தது. அவள் மூலையில் உட்கார்ந்தாள். நெற்றி சிவந்திருந்தது. கோச், "தூரத்துல நில்லுமா, நேரா குத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருக்கும் கயிற்றுக்கும் நடுவில் தலையை விட்டேன்.

"நான் பின்னால போவேன். அவ போகல" என்றேன். "நீ அவள அடிக்கல. என்னதான் அடிக்கற. அரையடி கம்மியா வா."

அவள் என்னைப் பார்த்தாள். அவள் எதையும் இரண்டு தடவை கேட்கிறவள் இல்லை.

மூன்றாவது ரவுண்டு பற்றி நான் சொன்னால், கூடவே இருந்தவள் கதை விடுகிறாள் என்பீர்கள். பரவாயில்லை. தாவல் போய் ஒரு சின்ன எட்டு. விலாவில் ரெண்டு. காரைக்கால் பெண்ணின் கை முதல் தடவையாகக் கீழே இறங்கியது. தாடையில் ஒன்று. பக்கவாட்டில் வெளியே. மறுபடி உள்ளே. கடைசி ஒரு நிமிடம் அந்தத் தூண் தன் மூலையிலிருந்து வெளியே வரவேயில்லை. கூட்டத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். கோச் உயரம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று ரவுண்டில் ஒன்றைத்தான் ஜெயிக்க முடிந்தது. முட்டியதற்கு ஒரு பாயிண்ட்டும் போய்விட்டது. சிவப்புக் கையைத் தூக்கினார்கள். அதைப் பார்க்க எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

அரங்கத்துக்கு வெளியே படிக்கட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ஐஸ் மூட்டை. நான் பத்தடி தள்ளி நின்றேன். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு இடதுபக்கம்.

"இங்க வா."

ஐந்தடி போனேன்.

"வாடின்னா."

போனேன். எழுந்து என் முன்னால் நின்றாள், வழக்கமான இடத்தில்.

"மொத ரவுண்டுலயே ஏன் சொல்லல? ஒரு ரவுண்டு முன்னாடி சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பேன்ல?"

ஜெயித்திருப்பாள். இரண்டும் மூன்றும் அவளுக்கு வந்திருக்கும். வார்னிங் விழுந்திருக்காது. சர்டிபிகேட், விண்ணப்பம், வேலை. எல்லாம் ஒரு ரவுண்டு தூரத்தில் இருந்தது. கூட்டம் மறைத்தது, பாத்ரூம் போயிருந்தேன், தலை சுற்றியது என்று வாயில் மூன்று பொய் வரிசையில் நின்றன. பதினான்கு வருடம் சொல்லாத இரண்டு வார்த்தைதான் முந்திக்கொண்டு வந்தது.

"கண்ணு தெரியல."

"இன்னா?"

"தூரமா இருந்தா எனக்குத் தெரியாது. சின்ன வயசுலேர்ந்தே. யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ அங்க வெறும் நீலமாதான் தெரிஞ்ச."

அடிப்பாள் என்று நினைத்தேன். கண்ணை மூடவில்லை. பின்னாலும் போகவில்லை, போக நினைவு வரவில்லை. அவள் ஐஸ் மூட்டையைக் கீழே வைத்தாள்.

"மூணு மாசமா கண்ணு தெரியாதவளையாடி போட்டு அடிச்சிட்டிருந்தேன்?"

சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு கொஞ்ச நேரத்தில் அழுகையாக மாறியது. என் துப்பட்டாவில்தான் மூக்கைத் துடைத்தாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவை. அதிலும் எனக்குத் துப்பட்டா கறையாகிவிடுமே என்று ஒரு கவலை வந்தது. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். இருட்டு அறையில் எழுத்துப் பலகை. அங்கே இருந்த பெண், "மேல இருக்கற எழுத்து தெரியுதா?" என்று கேட்டாள். தெரியுது என்று சொல்ல வாய் எடுத்தேன். என் பின்னால், முதுகில் முட்டுகிற மாதிரி நின்றிருந்தவள், "தெரியாதுன்னு சொல்லு" என்றாள். சொன்னேன். ஆபரேஷன் இல்லை. மயக்க மருந்து இல்லை. ஒரு கண்ணாடி. ஒன்பதாவதில் நான் உயிர் தப்பியது இதிலிருந்துதான்.

அதற்குப் பிறகு அவள் கம்பெனியில் அதிக நாள் இல்லை. ஓசூர் பக்கம் ஒரு பெரிய ஃபேக்டரி, ஹாஸ்டலோடு. பக்கத்துத் தெருவில் பெண்களுக்கு பாக்சிங் கூடம் இருக்கிறதாம். "அங்க கோச்சு எவ்ளோ ஒசரம்?" என்று கேட்டேன். "விசாரிச்சுட்டேன். அஞ்சடி ரெண்டுதான்" என்றாள், பரம திருப்தியோடு.

கிளம்பின காலை பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு தூரத்தில் தூண் ஓரமாக நின்றேன். பஸ் பெயர்ப்பலகை, வாழைப்பழ வண்டி, யாரோ ஒருவர் சட்டையில் பட்டன் இல்லாதது, எல்லாம் தெரிந்தது. ஊரை இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி எதுவும் இல்லை. அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் பெரிய பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். யாரோ பள்ளிக்கூடப் பெண் என்று நினைத்தேன். பஸ் படி அவள் முட்டிக்கு மேலே இருந்தது. பையை முதலில் உள்ளே தள்ளி, கம்பியை எட்டிப் பிடித்து ஏறினாள். திரும்பியபோதுதான் தெரிந்தது, அது அவள்.

இவ்வளவு சின்னவளா? இத்தனை மாதமாகக் கூடவே இருந்தும் எனக்குத் தெரியாது. கிட்டே நின்று மட்டும்தான் அவளைப் பார்த்திருக்கிறேன். அங்கே அவள் முகம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். வேறு எதற்கும் அங்கே இடம் இருக்காது.

கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தேன். ஜன்னலுக்குக் கீழே போய், தகரம் தோளில் படுகிற மாதிரி நின்றேன். அவள் மேலேயிருந்து குனிந்து பார்த்தாள். முதல் தடவையாக அவள் என்னைவிட உயரம்.

"மூணர சாண்" என்று கையை வெளியே நீட்டி என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். டிரைவர் இஞ்சினைப் போட்டார். கண்டக்டர் பின்னாலிருந்து கத்தினார்.

"ஏய், பஸ்ஸ எடுக்கறாங்க" என்றாள் அவள். "தள்ளி நில்லு."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நான் நகரவில்லை. பஸ்தான் நகர்ந்தது.